ஏழாவது விதியும் பதினாலாம் நாளும்

திட்ட அதிகாரி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. திட்டங்களுக்குத்தான் ஓய்வு கிடைக்கவில்லை. குளியலறைக் குழாய் மாற்றுவதற்கே மூன்று கட்ட அறிக்கை எழுதியவர், வீட்டு லாப்ரடாருக்கு ஜோடி தேடும் காரியத்தைச் சும்மா விடுவாரா?

நாய்க்குச் சான்றிதழில் ஒரு வரி நீளத்துக்குப் பெயர். வீட்டில் சின்னவள். மூத்தவள், அதாவது மகள், கல்யாணமாகிப் போய்விட்டாள். சின்னவளுக்கு வயது ஐந்து. "இந்தத் தடவைதான் கடைசி. இதுக்கு மேல தலைப்பிரசவம்னா அவளுக்கு ஆபத்து, ஆசைப்படாதீங்க" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். சின்னவள் வயிற்றுக் குட்டி ஒன்று தன் காலைச் சுற்றி ஓட வேண்டும் என்பது அதிகாரியின் மனைவிக்கு நெடுநாள் ஆசை. போன இரண்டு பருவங்களில் ஒன்று மாப்பிள்ளைகளின் பட்டியல் தயாரிப்பதிலும், இன்னொன்று அந்தப் பட்டியலைச் சரிபார்ப்பதிலும் போயிருந்தது.

இந்த முறை நேர்காணல் வரைக்கும் வந்தார். முதல் மாப்பிள்ளை அவர் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டான். பொறுப்பில்லாத பேர்வழி என்று கழித்துவிட்டார். இரண்டாமவனின் தாத்தா யாரென்று சொந்தக்காரருக்கே தெரியவில்லை.

"உங்க தாத்தாவோட அப்பா பேரு என்னங்க?" என்று மனைவி கேட்டார்.

"அது இப்ப எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

கடைசியில் மரக்கடைக்காரரின் நாய் தேறியது. அவர் வீட்டுக் கூடத்தில், குடும்பப் படங்களுக்கு நடுவே, பரம்பரை எலும்புக் குறை இல்லை என்பதற்குச் சாட்சியாக, அந்த நாயின் இடுப்பு எக்ஸ்ரே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. திட்ட அதிகாரி அதன் முன்னால் கைகட்டி நின்றார்.

அடுத்தது நாள் கணக்கு. உதிரம் தென்பட்ட நாளிலிருந்து எண்ணி, பதினாலாம் நாள் சேர்க்க வேண்டும். வெள்ளை சோபா உறையில் ஒரு துளியைத் தம் கண்ணால் கண்ட அன்று, நோட்டில் 'நாள் ஒன்று' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

"நான் அஞ்சு நாளா தரையைத் துடைச்சுக்கிட்டிருக்கேங்க. அன்னிக்கே சொன்னேன். நீங்க போன்ல எக்ஸ்ரே பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க."

"பதிவு இருக்கா?"

"துடைச்ச துணி இருக்கு."

"துணியெல்லாம் ஆவணம் ஆகாது."

அவர் நோட்டில் எட்டாம் நாள், மனைவி சின்னவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய், நாள் குறிக்க ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வந்தார். நாளைக்கு, விட்டால் நாளை மறுநாள், அதைத் தாண்டினால் இல்லை என்று பதில் வந்தது. வீட்டில் சொன்னால் அந்த முடிவை ஆராய ஒரு குழு போடுவார். அதனால் மனைவி மரக்கடைக்காரரின் மனைவிக்கு மட்டும் போன் செய்தார்.

மறுநாள் மரக்கடைக்காரர் வீட்டில் ஒப்பந்தப் பேச்சு. மொத்தம் பதினொரு விதிகள்.

"சின்னவளும் வரட்டுமே. இடம் பழகட்டும்" என்றார் மனைவி.

விதி இரண்டில் 'அறிமுகச் சந்திப்பு' என்று ஒன்று இருந்தபடியால் அனுமதி கிடைத்தது.

ஆண்கள் கூடத்தில் எக்ஸ்ரேயின் கீழ் உட்கார்ந்தார்கள். பெண்கள் சின்னவளோடு பின்முற்றத்துக்குப் போனார்கள். மாப்பிள்ளை ஒரு சுற்று மோந்தான். சின்னவள் வாலை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே முன்னுரை வாசித்து முடிவதற்குள் வெளியே காரியம் கைகூடிவிட்டது. பிறகு இரண்டும் நாய்களின் வழக்கப்படி பின்னிக்கொண்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி அசையாமல் நின்றன.

"இழுத்தா ரெண்டுக்கும் காயமாயிடும் அக்கா. தானா விடணும்" என்றாள் மரக்கடைக்காரரின் மனைவி.

"எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி. உள்ள எத்தனாவது விதி ஓடுது?"

"மூணு."

"பதினொண்ணு இருக்கில்ல? தாராளம்."

ஆனால் பேச்சு ஏழிலேயே முட்டிக்கொண்டது. பிறக்கும் குட்டிகளில் முதல் குட்டியை யார் தேர்ந்தெடுப்பது?

"பெட்டை எங்களுது. முதல் உரிமை எங்களுக்கு."

"எக்ஸ்ரே எங்களுது சார்."

"அப்ப பேசறதுக்கே ஒண்ணுமில்ல. ஏம்மா, சின்னவளைக் கூட்டிக்கிட்டு வா. கிளம்பலாம்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முற்றத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மரக்கடைக்காரரின் மனைவி தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"அண்ணா, அந்த ஏழாவதை இன்னொரு தடவை படிச்சுக் காட்டுங்களேன். எனக்கு ஒரு சந்தேகம்."

முப்பது வருட உத்தியோகத்தில் எவரும் அவரிடம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னதில்லை. திட்ட அதிகாரி மெதுவாக உட்கார்ந்தார்.

"எந்த வரியிலம்மா சந்தேகம்?"

"முதல் வரியிலிருந்தே."

"உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று மரக்கடைக்காரர் முறைத்தார்.

"குட்டி போட்டா வந்து கழுவி விடப்போறது நீங்களா?"

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, உட்பிரிவுகளோடு, நிறுத்தி நிறுத்திப் படித்தார். நடுவில் விளக்கமும் சொன்னார். விளக்கத்தில் பழைய சண்டை மறுபடி முளைத்தது. இந்தத் தடவை தேநீருக்கும் மசியவில்லை. நோட்டை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாயைத் தானே பிடித்துவர விடுவிடுவென்று பின்பக்கம் வந்தவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அவரைக் கண்டதும் சின்னவள் வாலை ஆட்டப் பார்த்தாள். அதற்கு இடமில்லை.

"இன்னிக்கு ஒன்பதாம் நாள்தானே?" என்றார்.

"உங்களுக்கு ஒன்பது. அவளுக்குப் பதினாலு."

பின்னாலேயே வந்த மரக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "விதி ஏழு இன்னும் முடியலையே சார்" என்றார். குரலில் பழைய வீம்பு இல்லை.

"அதை நாங்களே முடிச்சிட்டோம். முதல் குட்டி அக்காவுக்கு, அடுத்தது எனக்கு" என்றாள் அவர் மனைவி. "நீங்க எட்டுக்குப் போங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

திட்ட அதிகாரி கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். 'விதி இரண்டு. அறிமுகச் சந்திப்பு: திருப்தி' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"நீங்க முன்னுரை வாசிச்சப்போ" என்றார் மனைவி.

அதையும் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எந்தப் பத்தியில?"