ஒன்பதாம் பட்டித் தண்ணீர்

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி முடித்தவள் நான். அப்பா இறைச்சி ஆலையில் கத்தி பிடித்தே விரல் மடங்கிப்போனவர். அதனால் நெப்ராஸ்காவில், நொவோட்னியின் மாட்டுப் பண்ணையில், தீவனக் கலவை போடும் வேலைக்கு மூன்று மாதச் சோதனையில் சேர்ந்தபோது யாரும் என்னைக் குறை சொல்ல இடம் தரக்கூடாது என்றிருந்தேன். முக்கியமாக டுவைலா. குதிரையில் பட்டி பட்டியாகச் சுற்றி நோய் பார்ப்பவள். பள்ளிக்கூடத்தையே முடிக்காதவள்.

எத்தனால் ஆலையில் மக்காச்சோளம் வடித்து மிஞ்சும் ஈரச் சக்கை விலை மலிவு, சத்தும் உண்டு. ஆனால் கந்தகம் அதிகம். அளவு மீறினால் மாட்டின் மூளையைத் தாக்கும். கணக்குப் பார்த்துத்தான் நூற்றுக்கு நாற்பது பங்கு போட்டேன்.

சோதனைக் காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. வெயில் கொளுத்திய காலையில் வாக்கிடாக்கியில் டுவைலா கூப்பிட்டாள்.

"மேடம், ஒன்பதாம் பட்டில மூணு காளை வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது. மழை வருமான்னு நீங்களே வந்து கேளுங்க."

மூளை பாதித்த மாடுதான் அப்படி அண்ணாந்து நிற்கும். ஓடினேன். ஒன்று வேலியில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. கண் முன்னால் கையை வீசினேன். இமைக்கவில்லை.

"என் கணக்கு சரிதான்," என்றேன்.

"தண்ணியும் உன் கணக்குல இருக்கா?" தொட்டியில் கைவிட்டு அள்ளி என் மூக்கருகே நீட்டினாள். அழுகிய முட்டை நாற்றம். "வடக்குக் கிணத்து மோட்டார் போச்சு. திங்கக்கிழமைல இருந்து தெக்குக் கிணறுதான். காபி மெஷின் பக்கத்துப் பலகையில எழுதிப் போட்டேனே."

அந்தப் பலகையை நான் பார்ப்பதே இல்லை. நான் பார்த்தது என் கணினியை மட்டும். வெயிலில் இரண்டு மடங்கு குடிக்கும் மாடுகளுக்கு அந்தத் தண்ணீரிலும் கந்தகம்.

டுவைலா ஒவ்வொரு தலையாக இழுத்துப் பிடித்தாள். நான் நரம்பில் தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போட்டேன். கலவையில் சக்கையின் பங்கைப் பாதிக்கு மேல் குறைத்தேன். தண்ணீருக்கு டேங்கர் லாரி சொன்னேன்.

நொவோட்னி வந்தார். "யார் தப்பு?"

"என் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும், சார். யாருக்குப் புரியும்?" என்றாள் டுவைலா.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் அல்ல. "கையெழுத்து நல்லாத்தான் இருந்திருக்கும், சார். நான்தான் படிக்கல."

அவர் மாடுகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு வந்து பாக்கறேன்," என்று போய்விட்டார்.

மறுநாள் ஒரு காளை செத்துக் கிடந்தது. மற்ற இரண்டின் கண் முன்னாலும் அவர் கையை வீசினார். இமைத்தன.

"அடுத்த வாரம் சோதனை முடிஞ்சப்புறமும் கலவையை நீயே போடு," என்றார்.

டுவைலாவிடம் நன்றி சொன்னேன், சுற்றி வளைக்காமல்.

"காபி வாங்கிக் குடு," என்றாள். "பலகையையும் அப்படியே பாத்துட்டு வா."