முகத்தைப் பார்த்துக் கதையுங்கோ

"மதுசாவை எங்கயப்பா விடுறது?"

சுலோஜனா குசினி வாசலில் நின்றுதான் கேட்டாள். உழுந்து அரைத்த கையைக்கூட இன்னும் கழுவவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கட்டைபறிச்சானிலிருந்து வெளிக்கிட்டுவிட்டார்கள் என்று இப்போதுதான் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள்.

இராகுலன் கண்ணாடியைப் பார்த்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "பக்கத்து வீட்டில விடச் சொன்னனான் எல்லே?"

"அவை சல்லி அம்மன் கோயிலுக்குப் போட்டினம். வீடு பூட்டிக் கிடக்குது."

"அப்ப குசினிக்குள்ளயே இருக்கட்டும். திரைச்சீலையை இழுத்துவிடு. கொஞ்ச நேரம்தானே. தாலி ஏறினாப் பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

பெற்ற பிள்ளையை ஒளித்துவைக்கிற பேச்சு இது. பால் மாவை மேல்தட்டில் வை, பூனை வரும் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக அந்த உவர்மலை வீட்டில் நடந்தது. மூத்தவள் தர்சிகா சேலைக்கு ஊசி குத்தியபடி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முப்பது நெருங்குகிறது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் வாசல்வரை வந்து திரும்பிவிட்டன. "தங்கச்சிக்குக் காது கேளாதாம். நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வந்தா என்ன செய்யிறது?" இதுதான் இரண்டு வீட்டாரும் சொன்ன நொட்டை. மதுசாவின் காது இரண்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் போனது, பரம்பரையில் வந்ததல்ல. வந்தவர்களில் ஒருவன் டொக்டர். படித்த படிப்பெல்லாம் பெண் பார்க்கப் போகும்போது வீட்டு அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கும்போல.

மதுசா அறையிலிருந்து வெளியே வந்தாள். புது நீலச் சட்டை, தலையில் ஒரு முழம் மல்லிகை. அத்தான் எப்படி இருப்பார் என்று கையால் கேட்டாள். "வடை சுட ஆளில்லை. எனக்கு உதவிக்கு வா பிள்ளை" என்றாள் சுலோஜனா. மதுசா சட்டைக் கையை மடித்துவிட்டுச் சந்தோசமாகக் குசினிக்குள் போனாள். அந்தப் பொய் தன்னுடையது என்பதைச் சுலோஜனா சாகும்வரை மறக்கப்போவதில்லை.

இராகுலனை நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று சொல்ல ஏலாது. அதுதான் கொடுமை. மகளுக்குக் காது போன பிறகு, வேலை முடிந்து வந்ததும் நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டியிருந்து, கண்ணாடியைப் பிடித்து, அவளுக்கு உதட்டை வாசிக்கப் பழக்கியவர் அவர்தான். அம்மா, அப்பா இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். அவளுடைய விரலை எடுத்துத் தன் மூக்கில் வைத்து, அதிர்ந்தால் அம்மா, அதிராவிட்டால் அப்பா என்று காட்டினார். அவள் முதன்முதல் சரியாகச் சொன்ன அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடினார்.

அப்படிப் படித்ததைத்தான் அவர், தான் படிப்பிக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கும் கொண்டுபோனார். புதிதாகச் சேரும் விரிவுரையாளர்களுக்குக் கற்பிக்கப் பழக்குவது இப்போது அவருடைய பொறுப்பு. "பலகையைப் பாத்துக் கதையாதேங்கோ. பிள்ளையளின்ர முகத்தைப் பாத்து, ஆறுதலா, அவசரப்படாமல், சொல்லை விழுங்காமல் கதையுங்கோ. உதட்டை வாசிக்கிற பிள்ளை ஒண்டு உங்கட வகுப்பில இருக்கலாம்" என்பார். கேட்டவர்கள் கண் கலங்குவார்கள். இது எங்கே படித்தது, யாரிடம் படித்தது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. மதுசா தூரத்து ஊரில் விடுதியில் நின்று படித்ததால் வளாகத்தில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அவள் படிப்பை முடித்து வந்து, அப்பாவின் வளாகத்திலேயே வேலைக்கு விண்ணப்பிக்கிறேன் என்றபோது, "வாற வருசம் பாப்பம். அக்கான்ர அலுவல் முடியட்டும்" என்றுவிட்டார்.

வேன் வந்து நின்றது. உவர்மலைத் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டு படலையடியிலிருந்து விலகிப் போயின.

மாப்பிள்ளை சுகிர்தனும் அதே வளாகத்தில் இளம் விரிவுரையாளன். கதிரையின் நுனியில்தான் இருந்தான்.

"சேர், உங்கட பயிற்சிக்கு வந்தாப் பிறகுதான் என்ர வகுப்பில காது கேக்காத பிள்ளை ஒண்டு இருக்கெண்டு எனக்கே தெரியும். முன் வாங்கில இருத்தி, முகத்தைப் பாத்துக் கதைக்கத் தொடங்கினன். இப்ப அந்தப் பிள்ளைதான் முதல் கேள்வி கேக்குது. எழுதித்தான் கேக்குது சேர். ஆனா கேக்குது."

தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்ற சுலோஜனா இராகுலனின் முகத்தையே பார்த்தாள். இந்தப் பெடியன் விளங்கிக்கொள்ளுவான். சொல்லுங்கோ, இப்பவே சொல்லுங்கோ என்று மனம் கெஞ்சியது.

அப்போது மாப்பிள்ளையின் தாய் கேட்டார். "தரகர் ஒண்டும் வடிவாச் சொல்லேல்ல. தர்சிகாவுக்குக் கூடப்பிறந்தவை இருக்கினமோ?"

இராகுலன் நிமிர்ந்தார். குசினிப் பக்கம் பார்த்தபடிதான் அவருடைய கதிரை கிடந்தது. வேறு தகப்பனாக இருந்தால் முணுமுணுத்திருப்பான், தலையைக் குனிந்து சொல்லை விழுங்கியிருப்பான். இவருக்கு அந்தப் பழக்கமே இல்லாமல் போயிருந்தது. முகத்தை உயர்த்தி, ஆறுதலாக, உதடு தெளிவாகச் சொன்னார்.

"இல்லை. எங்களுக்கு ஒரு பிள்ளைதான்."

சுலோஜனா திரும்பிப் பார்த்தாள். திரைச்சீலையின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிவைத்துக்கொண்டு மதுசா நின்றாள். அத்தானைப் பார்க்க வந்து நின்றவள். அவளுடைய கண் அப்பாவின் உதட்டில் இருந்தது.

அவள் அழவில்லை. அடுப்படிக்குப் போய்க் கருகத் தொடங்கிய வடைகளை எடுத்தாள். நல்லவற்றை மட்டும் பொறுக்கித் தட்டில் அடுக்கினாள். தலையிலிருந்த மல்லிகையைக் கழற்றி யன்னலில் வைத்தாள். சுலோஜனா தோளைத் தொடப் போனபோது விலகிக்கொண்டாள்.

வேன் போனதும் இராகுலன் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். "அவைக்கு நல்லாப் பிடிச்சிட்டுது. ஆவணியில வைப்பமாம்!"

"அவள் பாத்திட்டாள்" என்றாள் சுலோஜனா.

"என்னத்த?"

"நீங்கள் சொன்னதை. வடிவாத்தானே சொன்னீங்கள். ஒரு சொல்லையும் விழுங்கேல்ல."

அவருடைய முகம் செத்துப்போனது. குசினிக்குள் ஓடினார். மகள் வெறும் நிலத்தில் சுவரோடு சாய்ந்திருந்தாள். அவரும் அவளுக்கு முன்னால், அந்த நாளில் இருந்ததுபோலவே, சப்பாணி கட்டி இருந்தார். "மதுக்குட்டி, அப்பா தெரியாமல் சொல்லிப்போட்டன். அக்காவுக்காகத்தான்..." என்று தொடங்கினார். மதுசா அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

அவர் அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். அவளுடைய விரலை எடுத்துத் தன் மூக்கில் வைத்தார். அவள் விரலை இழுத்துக்கொண்டாள். கண் திறக்கவில்லை.

"சுலோ, நீ சொல்லன். கண்ணைத் திறக்கச் சொல்லன் இவளை!"

"ஒரு பிள்ளைதான் எண்டீங்கள்" என்றாள் சுலோஜனா. "அந்தப் பிள்ளை முன் அறையில இருக்கிறாள். போய் அவளோட கதையுங்கோ."

சுலோஜனா மதுசாவின் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தாள். அதன் பிறகும் இராகுலன் எழும்பவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தபடி, ஆறுதலாக, உதடு தெளிவாகத் திரும்பத் திரும்ப அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.