தோள் ஏறியிருந்தால்

ஹாமர் விழும்போது பேச்சு கேட்காது. எங்கள் பட்டறை ஷெட்டில் அந்த இயந்திரச் சுத்தியலின் அடி விழுந்தால் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் தம்ளர் ஆடும். அதனால் எனக்கும் தேவராஜுக்கும் தோள்தான் பேச்சு. பழுத்த இரும்புத் துண்டை இடுக்கியால் அச்சில் வைத்து இடது தோளை இறக்கினால் அவன் பெடலை மிதிப்பான், ஹாமர் இறங்கும். துண்டு அச்சில் ஒட்டிக்கொண்டால் கையை உள்ளே விட்டுக் கம்பியால் நெம்ப வேண்டும். அப்போது தோளை ஏற்றிவைப்பேன். ஏறிய தோளைப் பார்த்தால் அவன் கால் பெடல் பக்கமே போகாது. என் விரல்கள் அவன் கண்ணை நம்பித்தான் இருந்தன.

இவனைப்போல் அடிக்கிறவன் எஸ்டேட்டிலேயே இல்லை என்று, எண்பத்தாறில் மேனேஜர் அவனை சூப்பர்வைசர் ஆக்கினார். பெடலுக்கு சம்பத் வந்தான்; அவனுக்கு எங்கள் தோள் பேச்சு பிடிபடவில்லை.

தேவராஜுக்கு ஹாமர் அடிக்கத் தெரியும். சொல்லிக்கொடுக்கத் தெரியாது. சம்பத் தாமதமாக மிதித்தான், துண்டு ஆறிப்போனது. எப்படி மிதிப்பது என்று கேட்டான். தேவராஜ் பளாரென்று ஒன்று விட்டான்.

"கேட்டா அடிக்கிறியே அண்ணாத்தே! சொல்லிக் குடேன்."

"சொல்றதுக்கு இன்னாடா கீது? கண்ணு பொடனிலயா கீது?" மறு கன்னத்திலும் விழுந்தது.

அதிலிருந்து உருப்படி குறைந்தால் அடிதான். உலையில் நிற்கிற ஜேம்ஸுக்குப் பல் போனது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். டீக்கடையில் தேவராஜிடம் கேட்டுப் பார்த்தேன்.

"மாமே, பெடலுக்கே வந்துடேன். நீ இருந்தா என் கைக்கு பயமில்ல."

"மாமேவா? சாருன்னு கூப்டு. ஏறினவன் எறங்குவானாடா? எம் பொண்டாட்டி வெள்ளானூர் பூரா சொல்லிக்கினு கீறா."

மறுநாளும் சம்பத் துண்டுகளைக் கெடுத்தான். கண்ணாடி அறையில் மேனேஜர் எழுந்து நின்றார். அதைப் பார்த்த தேவராஜ் இடுக்கியை எடுத்து சம்பத்தின் முதுகில் போட்டான். காலரைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டு, சூப்பர்வைசர் வெள்ளைச் சட்டையோடு தானே பெடலில் நின்றான்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பழைய ஆள் வந்துவிட்டான்.

முதல் அடி பழைய அடிதான். அடுத்த துண்டு ஒட்டிக்கொண்டது. தோளை ஏற்றினேன், வலது கையை உள்ளே விட்டேன். சம்பத் நின்றிருந்தால் ஒரு முறை திரும்பிப் பார்த்திருப்பேன். நிற்பது தேவராஜ் என்பதால் பார்க்கவில்லை.

அவன் கண் என் தோளில் இல்லை. கண்ணாடி அறையில் இருந்தது.

ஹாமர் விழுந்தது.

உடனே வலிக்கவில்லை. அச்சில் புகை வந்தது. என் கை மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது. சம்பத்தும் ஜேம்ஸும் கம்பியோடு தேவராஜ் மேல் பாய்ந்தார்கள். மண்டை உடைந்து வெள்ளைச் சட்டை நனைந்தது. அவன் தடுக்கவே இல்லை. "தோளு எறங்குச்சு, தோளு எறங்குச்சு" என்று முனகிக்கொண்டே சரிந்தான்.

போதும், விடுங்கள் என்று இடது தோளை ஏற்றிக் காட்டினேன். அந்த ஷெட்டில் அது என்னவென்று தெரிந்தவன் ஒருத்தன்தான். அவன்மேல்தான் கம்பி விழுந்துகொண்டிருந்தது.