சேற்றுக்கு ஒரு ஜோடி

1

இந்தக் கதை ஒரு பாதத்திலிருந்து தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் பொன்னேரியில் ஒரு காலணிக் கடையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். கதையும் எழுதுவேன். சிற்றிதழ்களில் நான்கைந்து வந்திருக்கின்றன. ஆனால் கடையைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. ஷூ விற்பதில் என்ன கதை இருந்துவிடப் போகிறது என்று நினைத்திருந்தேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"அலைகள் அவள் காலடியில் வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில் —"

அடித்துவிட்டேன். பழவேற்காட்டு அலை யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுத்து:

"பெண்கள் ஓட்டக் காலணி வாங்கும்போது கவனிக்க வேண்டிய —"

இது கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போகும் நோட்டீஸ். இதையும் அடித்தேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

2

ஒரு சாயங்காலம் பானுப்ரியா கடைக்கு வந்தாள். வயது முப்பத்தெட்டு. பழவேற்காடு ஏரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பம். கரைக்கு வரும் நண்டை ரகம் பிரித்து ஐஸ் பெட்டியில் அடுக்குகிற வேலை. (அவளிடம் நண்டு வாசனை வீசியது என்று முதலில் எழுதியிருந்தேன். வீசவில்லை. குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வாசனை என் கற்பனை. எடுத்துவிட்டேன்.)

"ஓடறதுக்கு ஷூ வேணும்க்கா. பொம்பளைங்க ஷூ."

"ரோட்லயா, கிரவுண்ட்லயா?"

"எல்லாத்துலயும். வரப்பு, தார் ரோடு, ஏரிச் சேறு, சவுக்குத் தோப்பு, கடைசில மணலு. எல்லாம் ஒரே ஓட்டத்துல வருது."

திருப்பாலைவனத்து வயல்வெளியில் தொடங்கி அவள் ஊர்க் கலங்கரை விளக்கத்தில் முடியும் பெண்கள் ஓட்டப்பந்தயம், பதினைந்து கிலோமீட்டர். அடுத்த மாதம். பெயர் கொடுத்திருந்தாள். அதுவரை கணவன் தினகரனின் பழைய ஷூவைப் போட்டுப் பழகியிருக்கிறாள். அதன் விளைவு வலது கட்டைவிரலில் தெரிந்தது. நகம் கறுத்து விழுந்து, புது நகம் பாதி முளைத்திருந்தது.

"குப்பத்துல சிரிக்கிறாங்கக்கா. எவன் உன்னைத் தொரத்தறான்னு கேக்கறாங்க. அதுவும் புருசன் ஷூல ஓடறா பாருன்னு."

வெள்ளைத்தாளில் காலை வைக்கச் சொல்லி பென்சிலால் சுற்றி வரைந்தேன். நல்ல வேளையாகச் சாயங்காலம் வந்திருந்தாள். நாளெல்லாம் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்; ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். காலையில் வாங்கிய ஷூ சாயங்காலம் கடிக்கும்.

தாளில் வந்த பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெறுங்காலோடு மணலில் வளர்ந்த பாதம். விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருந்தன. குதிகால் சின்னது. பெண்கள் ஷூவில் குதிகால் கச்சிதமாக உட்கார்ந்தது, சுண்டுவிரல் நசுங்கியது. ஆண்கள் ஷூவில் விரல்களுக்கு இடம் இருந்தது, குதிகால் கழன்று கழன்று வந்தது.

"அப்போ என் காலு ஆம்பிளையா, பொம்பளையா?" என்று சிரித்தாள்.

"செஞ்சவன் உன் காலைப் பாத்ததில்ல, அவ்ளோதான்" என்றேன்.*

* இது ரொம்ப எழுதின வசனம் போல இருக்கிறதென்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் உண்மையாகவே சொன்னேன். பதினேழு வருடமாகப் பலரிடமும் சொல்லியிருக்கிறேன்.

3

இங்கே ஒரு கதாபாத்திரம் என்னைக் கைவிட்டது. கடை முதலாளி கேசவன்.

கதைக்கு ஓர் எதிரி வேண்டுமே என்று அவரைக் கஞ்சனாக எழுதிப் பார்த்தேன். "மணல் பட்ட சரக்கை யார் வாங்குவா என்று கேசவன் சீறினார் —" பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் சீறவில்லை. பரண் மேலிருந்து அவரே ஏணி போட்டு ஒரு பெட்டியை இறக்கினார். பெண்களுக்கானதுதான், முன்பக்கம் அகலம். கத்தரிப்பூ நிறத்தில் கடுகு மஞ்சள் கோடு. பார்க்கச் சகிக்காது, அதனால்தான் இரண்டு வருடமாக மேலேயே கிடந்தது. அடியில் ரப்பர் பற்கள் ஆழமாக, ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி இருந்தன.

"கடைக்குள்ள நாலடி நடந்து பாத்து இன்னா தெரியும்? செவ்வாக்கிழம உனக்கு லீவுதானே அமுதா. மூணு ஜோடியையும் எடுத்துனு போய் அங்கியே ஓடவுட்டுப் பாரு. கழுவி எடுத்துனு வா" என்றார்.

அமுதா என்பது நான். அமுதவல்லி.

4

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரையில் நின்றோம். தொலைவில் பூநாரைகள். (அழகான இடம்தான். இரண்டு பக்கம் வர்ணித்து எழுதி நீக்கிவிட்டேன். பானு அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.)

முதல் ஜோடி, கச்சிதமான பெண்கள் ஷூ. தார் ரோட்டில் பறந்தாள். மணலில் இறங்கியதும் மேல்துணியின் பெரிய பெரிய ஓட்டைகள் வழியே உள்ளே மணல் புகுந்து, கால்மணி நேரத்தில் சுண்டுவிரல் சிவந்துவிட்டது. இரண்டாவது, ஆண்கள் ஷூ. சவுக்குத் தோப்பு வரைக்கும் நன்றாக இருந்தது. சேற்றில் கால் வைத்தாள். பாதம் மட்டும் வெளியே வந்தது, ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. இரண்டு பேரும் குனிந்து இழுத்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மூன்றாவது கத்தரிப்பூ. தார் ரோட்டில் டக் டக்கென்று குதிரை மாதிரி சத்தம். மணலில் பரவாயில்லை; துணி நெசவு நெருக்கம், தண்ணீர் வடியும், மணல் ஏறாது. சேற்றில் இறங்கினாள். பற்களுக்கு நடுவே ஒட்டிய சேறு ஒவ்வோர் அடிக்கும் தானாகவே உதிர்ந்தது. வழுக்கவில்லை. போனவள் ஓரிடத்தில் சட்டென்று நின்றாள்.

"இங்கதான்க்கா விழுந்தேன்."

5

(இந்தப் பகுதியை நான் எழுதுவதாக இல்லை. எப்படி இங்கே வந்தது என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.)

"போன வருசம் பொயல் மழைல மாமாவுக்கு நெஞ்சு வலி வந்திச்சு" என்றாள். மாமா என்றால் மாமனார், திருவேங்கடம். "டவர் விழுந்துபோச்சு, போனு இல்ல. ரோட்டு மேல தண்ணி, வண்டி வராது. எங்க வூட்டுக்காரரும் இன்னும் மூணு பேரும் மாமாவ கட்டிலோட தூக்கிட்டாங்க. மத்த ஆம்பிளைங்க படகை மேட்டுக்கு இழுத்துனு கீறாங்க. பாலத்தாண்ட ஆம்புலன்சு வந்து நிக்கணும்னா யாராச்சும் முன்னாடி ஓடிப்போய் பாலம் தாண்டினதும் கீற ஆஸ்பத்திரில சொல்லணும். என் கைதான் காலியா இருந்திச்சு. பொடவைய இழுத்து சொருகிக்கினு ஓடினேன்."

"எவ்ளோ தூரம்?"

"நாலு கிலோமீட்டர் இருக்கும். இதே எடத்துல வழுக்கி விழுந்தேன். எழுந்து ஓடினேன். ஆம்புலன்சு வந்திச்சு, மாமா பொழைச்சிக்கினாரு. ஊரே என்னை மெச்சிக்கிச்சு."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன், யாராண்டயும் சொல்லாத. ஓடறப்போ எனக்கு குஷியா இருந்திச்சுக்கா."

"குஷியாவா?"

"அங்க மனுசன் சாவறாரோ இன்னாவோ. நான் குஷியா ஓடினு கீறேன். முன்னாடி யாரும் இல்ல, பின்னாடி இருந்து யாரும் கூப்பிடல. கல்யாணம் ஆனதுல இருந்து அப்படி இருந்ததே இல்ல. பாலம் தெரிஞ்சிச்சே, அப்போ ஐயோ, முடிஞ்சிபோச்சேன்னு நெனச்சேன். அப்படி நெனச்சது பாவம் இல்லியா? அதுல இருந்து மாமா மூஞ்சிய நேரா பாக்க முடியல. ஆனா ஓடாமயும் இருக்க முடியல."

"குஷி" என்ற இடத்தில் முதலில் "மகிழ்ச்சி" என்று எழுதினேன். அடித்தேன். "விடுதலை" என்று எழுதினேன். அதை இன்னும் வேகமாக அடித்தேன். அவள் சொன்ன சொல்லே இருக்கட்டும்.

அவளுக்கு நான் அருமையாக ஒரு பதில் சொன்னதாக இரண்டு பிரதிகளில் இருக்கிறது. உண்மையில் நான் செய்தது வேறு. குனிந்து அவள் ஷூவின் கடைசி ஓட்டையைக் காட்டினேன். பெரும்பாலானவர்கள் அதில் லேஸ் கோப்பதே இல்லை. இரண்டு பக்கமும் அதில் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இறுக்கினால் குதிகால் நகராது.

"இழுத்துக் கட்டு" என்றேன். கட்டினாள். சேற்றில் திரும்பத் திரும்ப ஓடிப் பார்த்தாள்.

"இதான்க்கா. ரோட்ல சத்தம் போட்டா போடட்டும். மணலு எனக்குப் பொறந்த வூடு. சேத்துக்குத்தான் ஷூ வேணும்."

பதினேழு வருடத்தில் இவ்வளவு தெளிவாகத் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. எல்லா நிலத்துக்கும் பொருந்துகிற ஷூ கிடையாது. விழக்கூடிய இடத்துக்குப் பார்த்து வாங்கினால் போதும்.

6

சொல்லாதே என்றாள், சொல்லவில்லை. ஐந்தாம் பகுதி இல்லாமல் கதையை முடித்தேன். ஒரு பெண் உடல்நலத்துக்காக ஓடுகிறாள், ஷூ வாங்குகிறாள், மகிழ்கிறாள். அவளைப் பற்றியது என்பதால் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும் என்று குப்பத்துக்குப் போனேன்.

மதியம். தினகரன் வலையோடு ஏரிக்குப் போயிருந்தார். பானு அடுப்பில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். திருவேங்கடம் கதவோரம் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன்.

"நல்லாத்தான் கீது" என்றாள் பானு. "ஆனா இந்தப் பொம்பள எதுக்கு ஓடறா?"

"உடம்புக்கு நல்லதுன்னு எழுதியிருக்கேனே."

"எனக்கு சுகர்கூட இல்லியேக்கா."

"நானும் அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் திருவேங்கடம், இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெனம் விடிகாலைல எழுந்து எதுக்கும்மா ஓடற நீ?"

கதையை எடுத்துக்கொண்டு வந்திருக்கவே கூடாது என்று நினைத்தேன். பானு அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். சேற்றில் என்னிடம் சொன்னதை, ஒரு வார்த்தை குறைக்காமல், பாலம் தெரிந்ததும் முடிந்துபோச்சே என்று நினைத்தது வரைக்கும் சொன்னாள்.

7

அவர் அழுதார் என்று எழுதலாம். எழுந்து போய்விட்டார் என்றும் எழுதலாம், நாடகம் கூடும். நான் கண்ணால் பார்த்தது இது: கையிலிருந்த இறாலை முழுசாக உரித்துக் கிண்ணத்தில் போட்டார். பிறகு சொன்னார்:

"பாத்தேன்."

"இன்னா மாமா?"

"கட்டில்ல இருந்து தலைய தூக்கிப் பாத்தேன். தோப்பு மறைக்கிற வரிக்கும் உன்னத்தான் பாத்துனு இருந்தேன். வலி அது பாட்டுக்கு வலிச்சினு தான் இருந்திச்சு. ஆனா யம்மா, நம்ம வூட்ல ஒருத்தி இப்படி ஓடுவாளான்னு இருந்திச்சு. அவ்ளோ சோக்கா ஓடின. பொழச்சா இத்த உன்னாண்ட சொல்லணும்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"பொழச்சதும் மறந்துட்டேன்."

பானுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். திருவேங்கடம் என் பக்கம் திரும்பினார்.

"அல்லாத்தையும் எழுதும்மா. என் பேரை மாத்தாத. கடைசில நான் செத்துட்டேன்னு மட்டும் எழுதிடாத."

எழுதவில்லை. நன்றாக இருக்கிறார். அன்று அந்த இறாலை எங்களோடு சேர்ந்து சாப்பிட்டார். மாத்திரை போட்டாரா என்று பானு இரண்டு முறை கேட்டாள், அவர் முகத்தை நேராகப் பார்த்து.

8

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் பானு முதலாவதாக வருகிறாள். அது எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். இன்னொன்றில் கடைசியாக வந்து, எல்லோரும் போன பிறகு மணலில் தனியாக ஓடி முடி—. மூன்றாவதில் நடுவழியில் விழுந்த வேறொரு பெண்ணுக்குக் கை கொடுத்து —. மூன்றையும் கிழித்துவிட்டேன்.

காரணம் எளிது. பந்தயம் இன்னும் நடக்கவில்லை. வருகிற இரண்டாம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு. இதற்குள் நான் ஒரு முடிவை எழுதினால் அவள் காலுக்கு முன்னால் நான் ஓடினது போலாகும். அவளுக்கு முன்னால் யாரும் இருக்கக் கூடாது.

ஆகவே இதன் மிச்சம் உங்களிடம். முடிந்தால் அன்று காலை ஏரிப் பாலத்துக்கு வந்து நில்லுங்கள். ஏழரை வாக்கில் கத்தரிப்பூ நிற ஷூவில் ஒருத்தி வருவாள். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், தண்ணீர் நீட்டாதீர்கள், எத்தனையாவது என்று எண்ணாதீர்கள். கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள். அவள் முகத்தை மட்டும் பாருங்கள். பிறகு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.