புரட்டாசி நக்கெட்

இன்றைக்கும் ஃப்ரீசர் கதவைத் திறந்து முகத்தில் குளிர் அடித்தால், ஷாமளாவுக்குச் சின்ன வயதுப் புரட்டாசிதான் நினைவுக்கு வரும்.

புரட்டாசி பிறந்தால் அவள் அம்மா காளியம்மாவின் ஃப்ரீசர் துறவறம் பூண்டுவிடும். கோழி, மீன், கணவாய் எல்லாம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் நோரின் ஃப்ரீசருக்குக் குடிபோகும். அங்கே மாட்டிறைச்சி இருக்குமென்று காளியம்மா செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் திணித்து, கயிறும் கட்டிவிடுவாள். மாதம் முடிந்து பிரிக்கும்போது எது மீன், எது கோழி என்று அவளுக்கே தெரியாது.

இதில் அநியாயம் ஷாமளாவுக்குத்தான். அவள் பிறந்ததே புரட்டாசியில். பத்து வயதாகப்போகிறது, ஒரு பிறந்தநாளுக்காவது கோழியைக் கண்ணால் கண்டதில்லை. சுண்டல், கேசரி, முடிந்தது. அந்த வருடம் அழுது அடம்பிடித்து, நட்சத்திர வடிவில் ஒரு பாக்கெட் கோழி நக்கெட் வாங்க வைத்தாள். மறுநாளே புரட்டாசி. நட்சத்திரமும் வேலி தாண்டிப் போய்விட்டது.

"மாசம் முடியட்டும், பொரிச்சுத் தரேன்."

"அப்ப அது பிறந்தநாள் நக்கெட் இல்லமா. சும்மா நக்கெட்."

தினமும் மாலையில் காக் நோர் வீட்டுக்குப் போய், ஃப்ரீசர் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவாள்.

"என்னடி, பேஷண்டப் பாத்துட்டு வந்தியா?" என்பான் அண்ணன் ஜீவன். "காய்ச்சல் இருக்கா?"

"ஐஸ் மாதிரி இருக்கு. நீ போடா."

பிறந்தநாளும் வந்தது. சனிக்கிழமை வேறு. மாலையில் காக் நோர் வேலியோரம் வந்து கத்தினாள். ஃப்ரீசர் நேற்றே பழுதாகியிருக்கிறது. சமையலறைத் தரையில் தண்ணீர் ஓடிய பிறகுதான் கவனித்தாளாம். எல்லாம் இளகிவிட்டது, இப்போதே பொரித்தாக வேண்டும், பிள்ளைகளை அனுப்பு என்றாள்.

தன் ஃப்ரீசர் காலியாக இருந்தும் காளியம்மா அதைத் திருப்பி வாங்கவில்லை. சாமி விளக்கையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது வீட்டுக்குள்ள வரக் கூடாது. அங்கயே சாப்பிட்டு, வெளிக் குழாய்ல தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வாங்க. அப்பாகிட்ட மூச்சு விடாதீங்க. பாவம், மனுசன் சுத்தமா விரதம் இருக்காரு."

ஷாமளா செருப்புப் போடவும் மறந்து ஓடினாள்.

காக் நோரின் சமையலறையில், கற்பூரம் வாங்கக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய அப்பா மூர்த்தி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கன்னம் உப்பியிருந்தது.

"அப்பா!"

"ஃப்ரீசர் ரிப்பேர் பாக்க வந்தேன் லா."

"வாயாலயா?" என்றான் ஜீவன்.

"அது என் நக்கெட்டா?" ஷாமளாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. வெந்திருக்கான்னு பாத்தேன்."

"சட்டையில கிடக்கிற தூளப் பாத்தா அஞ்சாறு வெந்திருக்கும் போல," என்றான் ஜீவன்.

காக் நோர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீதித் தட்டை ஷாமளாவின் மடியில் வைத்தாள். அவள் அதைக் கையால் வளைத்துக்கொண்டாள். முதல் நட்சத்திரம் நாக்கைச் சுட்டது. துப்பவில்லை, அப்படியே மென்றாள். தட்டைக் காலியாக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

பிறகு மூன்று பேரும் வெளிக் குழாயடியில் வரிசையாக நின்று நனைந்தார்கள். காளியம்மா துண்டோடு வெளியே வந்தாள். கையில் இரண்டு துண்டுதான் இருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க காத்துல காயுங்க."

ஷாமளா தன் துண்டின் ஒரு முனையை அப்பாவிடம் நீட்டினாள். மறுமுனையை விடவில்லை.