முன்சீட்டில் தம்பி மனைவி

காலை ஆறேமுக்காலுக்கு ஓட்டல் வாசலில் சுற்றுலா வண்டியை நிறுத்திவிட்டுப் பட்டியலைப் பார்த்தேன். கடைசியாக ஏற வேண்டியவர்கள் 'ஸ்வென்சன், நான்கு பேர்'. அவர்களோடு பதினொரு பேர் ஆகிவிடும். அன்றைய ஹவாய்த் தீவுச் சுற்று வழக்கமானதுதான்: வடக்கே ஏறி அகாக்கா அருவி, ஹீலோவில் சாப்பாடு, எரிமலைப் பக்கம் கொஞ்ச நேரம், சாயங்காலம் புனாலு கடற்கரையில் ஆமைகள், பிறகு கோனாவுக்குத் திரும்புவது. ஒன்பது வருடமாக இதைத்தான் ஓட்டுகிறேன்.

பெரிய தொப்பி வைத்த கிழவர் முதலில் வந்தார். பின்னால் அவர் மனைவி, அவர்கள் மகள். மூவருடைய பைகளையும் சுமந்துகொண்டு மகளின் புருஷன் வந்தான். அவன் என் தம்பி லோபாகா.

பார்த்துப் பதினெட்டு வருடமாகிறது. தொப்பை விழுந்திருந்தது, முன்மண்டை காலியாகியிருந்தது. ஆனால் வலது காலைக் கொஞ்சம் வெளியே வீசி வைக்கும் அந்த நடை எங்கள் அப்பாவுடையது. நான் வாயைத் திறந்தேன். அவன் தலையை லேசாக அசைத்தான், வேண்டாம் என்று. மற்றவர்கள் ஏறும்வரை தாமதித்து, ஏதோ சந்தேகம் கேட்பவன்போல என் பக்கம் குனிந்தான்.

"அக்கா, என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. கெஞ்சிக் கேக்கறேன்."

அதற்குள் பின்சீட்டில் ஒருவர் ஏசியைக் கூட்டச் சொன்னார். நான் கதவைச் சாத்தினேன்.

வெட்கப்படுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பட வேண்டியவன்தான். பாஹாலாவில் கரும்பாலையை மூடிய பிறகு எங்கள் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் லாஸ் வேகாஸுக்குப் போனார்கள், அவனும் போனான். முதல் இரண்டு வருடம் போன் வந்தது. பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை. பிறகு அதுவும் நின்றது. நான்கு வருடம் முன்னால் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் ஹீலோவுக்குக் கூட்டிப் போய் ரத்தம் சுத்தம் செய்வித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஏழு தடவை அவனுக்கு போன் செய்தேன். ஒரு தடவை எடுத்தான். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். அம்மாவிடம், லைன் கிடைக்கவில்லை என்றேன். அதே வருடம் அம்மா போய்ச்சேர்ந்ததையும் அவன் போனில் சேதியாகச் சொல்லி வைத்தேன்.

அவன் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வளைவுல எனக்குத் தலை சுத்தும். முன்னாடி உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஹெதர் என்று பெயர் சொன்னாள். நாற்பது வயதிருக்கும். சிரித்தால் கண்ணோரம் முழுக்கச் சுருங்கும் முகம்.

வைமேயா மேய்ச்சல் நிலங்களைத் தாண்டும்போது அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"என் வீட்டுக்காரரும் ஹவாய்தான், தெரியுமா? ஹொனலூலு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இங்க வரவே பிடிக்காது அவருக்கு. எங்க அப்பாதான் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு எல்லாரும் வந்தே ஆகணும்னு இழுத்துட்டு வந்தாரு."

"ஏன் பிடிக்காது?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒன்பது வயசுல அவங்க அம்மா போயிட்டாங்க. அப்பாவும் இல்ல. கூடப்பிறந்தவங்களும் கிடையாது. யார் யார் வீட்டுலயோ இருந்து வளந்தவரு. பாவம், அம்மா போட்டோ ஒண்ணுகூட இல்ல. அன்னையர் தினம் வந்தா நான் அவங்களுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்தி வைப்பேன். அவரு அதைப் பாத்துட்டு எழுந்து வெளில போயிடுவாரு."

வளைவு வந்தது. திருப்பினேன். "எத்தனை வருஷமா ஏத்தறீங்க?"

"கல்யாணம் ஆனதிலேருந்து. பதினாலு வருஷம்."

அதில் பத்து வருடம் என் அம்மா உயிரோடு இருந்தாள். அன்னையர் தினத்தன்று கோயிலுக்கு வந்தால்கூட மடியில் போனை வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். பாதிரியார் முறைத்தால் முறைக்கட்டும் என்பாள். அந்த நேரத்தில் அங்கே ஒருத்தி அவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கண்ணாடியில் பார்த்தேன். லோபாகா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தான்.

அகாக்காவில் தூறல். எல்லோருக்கும் மழைக்கோட்டு கொடுத்துக் கம்பி அருகில் நிறுத்தி, தினமும் சொல்வதைச் சொன்னேன். அருவி நானூற்று நாற்பத்திரண்டு அடி. மேலே ஓடையில் ஒரு சின்ன மீன் முட்டையிடும். குஞ்சுகள் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். சில மாதம் கழித்துத் திரும்பி வந்து, வயிற்றால் பாறையைப் பற்றிக்கொண்டு இந்த உயரத்தையும் ஏறித் தங்கள் ஓடைக்கே போய்ச் சேரும்.

கிழவர் ஸ்வென்சன் மருமகனின் தோளில் தட்டினார். பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் சிரிக்கிறவர். "கேட்டியா ராப்? உங்க ஊரு மீனுகூட தானா திரும்பி வருது. உன்னை இழுத்துட்டு வர எனக்குப் பதினாலு வருஷம் ஆச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு ராப் ஆகிவிட்டிருந்த என் தம்பியும் சிரித்தான்.

படம் எடுத்து முடித்து அவர்கள் மூங்கில் பாதையில் திரும்பி நடந்தபோது அவன் வேண்டுமென்றே பின்தங்கினான். நானும் பின்தங்கினேன்.

"உனக்கு ஒன்பது வயசுல அம்மா செத்துட்டாளா?"

அவன் முகம் வெளிறியது. "சொல்லிட்டாளா?"

"எனக்குத் தெரியாத சேதியாச்சே, அதான் சொல்றா. கூடப்பிறந்தவங்களும் இல்லயாம் உனக்கு."

"அக்கா, மெதுவா." பாதையை எட்டிப் பார்த்தான். "அவங்க வீட்டுக்கு முதல் தடவை சாப்பிடப் போனேன். அவ்ளோ பெரிய மேசை. அப்பா என்ன பண்றாரு, அம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டாங்க. அப்பா குடிச்சுட்டு ஜெயில்ல கிடக்காரு, அம்மா ஓட்டல்ல படுக்கை விரிக்கறான்னு எப்படிச் சொல்ல? யாருமில்லன்னு சொன்னேன். ஹெதர் அழுதுட்டா. அதுக்கு முன்னாடி எனக்காக யாரும் அழுததில்ல."

"நான் அழுததில்ல? அம்மா அழுததில்ல?"

"நான் பாத்ததில்ல."

அது நிஜம்தான். எங்கள் வீட்டில் யாரும் இன்னொருவர் பார்க்க அழுததில்லை.

"அப்புறம் எப்படி மாத்தறது, சொல்லு? ஒரு வருஷம் ஆச்சு, அஞ்சு வருஷம் ஆச்சு. நீ போன் பண்ணினப்ப அவ என் பக்கத்துல உக்காந்திருந்தா. நான் எப்படிக் கிளம்பி வருவேன்? யாரோட சாவுக்குன்னு சொல்லிட்டு வருவேன்? எங்க வீட்டுல அம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆயிடுச்சு."

"அம்மா உன்னைக் கேட்டுக்கிட்டே போனா."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஏதாவது சொல்வான் என்று நின்றேன். பாதையிலிருந்து "ராப், வர்றியா?" என்று ஹெதர் குரல் கொடுத்தாள். "வந்துட்டேன் கண்ணு" என்று உடனே, அவ்வளவு லேசான குரலில் சொன்னான். எத்தனை பழக்கமிருந்தால் அந்தக் குரல் அப்படி வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹீலோவில் நான் சாப்பிடவில்லை. வண்டியோரம் நின்றுகொண்டிருந்தேன். ஹெதர் கடையிலிருந்து ஒரு தட்டில் சோறும் கோழியும் மூடி எடுத்து வந்தாள். "காலையிலேருந்து நீங்க ஒண்ணுமே சாப்பிடல. நான் பாத்துட்டேதான் இருக்கேன்" என்றாள். அவளை வெறுக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஹீலோவிலிருந்து எரிமலை போய்ச் சேரும்வரை நாற்பத்தைந்து நிமிடம் வாக்கியத்தைக் கட்டிக்கட்டிப் பார்த்தேன். நான்தான் உங்கள் நாத்தனார். அவ்வளவுதான், மூன்றே வார்த்தை. சொன்னால் பின்சீட்டில் ஒரு குடும்பம் உடையும். அவர்கள் போகிற வழியெல்லாம் அழுவார்கள், மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாளை எனக்கு வேலையும் இருக்காது. இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அவனாக வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

எரிமலையிலிருந்து இறங்கி பாஹாலா திருப்பத்தைக் கடந்தோம். "வலது பக்கம் என்ன ஊரு?" என்று கிழவர் கேட்டார். "பழைய கரும்புத் தோட்டத்து ஊரு. பாக்க ஒண்ணும் இல்ல" என்றேன். கண்ணாடியில் பார்த்தபோது லோபாகா கண்களை மூடியிருந்தான். தூங்குகிறவனின் இமை அப்படித் துடிக்காது.

புனாலுவில் அன்று ஐந்து ஆமைகள் ஏறியிருந்தன. கறுப்பு மணலில் காய்ந்த பாறைபோலக் கிடந்தன. இருபதடி தள்ளி நில்லுங்கள், தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தென்னைகளின் நிழலுக்குப் போனேன். அங்கே பிலிப்போ அங்கிள் தினமும் உட்கார்ந்து ஓலைத் தொப்பி பின்னி விற்பார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர். அம்மாவின் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர். ஆறாவது கை லோபாகாவுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஊரே பேசிக்கொண்டது.

அவரை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. ஹெதர் தொப்பிகளைப் பார்க்க வந்தாள், புருஷனையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அங்கிள் நிமிர்ந்தார். கையிலிருந்த ஓலை நழுவியது.

"லோபாகா? டேய், ஜோசஃபினா மகனே, நீயாடா?" எழுந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எங்கடா போயிருந்த நீ? அவள மண்ணுக்குள்ள வச்சப்ப உன் இடத்துல நான் நின்னேன்டா."

அவர் பேசியது எங்கள் ஊர்க் கொச்சை. ஹெதருக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஏதோ பெயர் சொல்லி அழைப்பது புரிந்தது, அந்தக் கைகள் புரிந்தன. அவள் புருஷனைப் பார்த்தாள். "ராப்? இவரு உங்களைத் தெரியும்ங்கறாரா?"

அவன் அங்கிளின் கைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டே நின்றான். இதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கண்கள் என் பக்கம் வந்தன. காலையில் பார்த்த அதே கெஞ்சல்.

எனக்குள் ஏதோ கசந்துபோய்க் கட்டியாயிற்று. நான் போய் அங்கிளின் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினேன். ஹெதருக்கும் புரியும்படி நிதானமாகச் சொன்னேன்: "அங்கிள், இவரு விருந்தாளி. வேகாஸ்லேருந்து வந்திருக்காரு. லோபாகா செத்துட்டான். உங்களுக்கு மறந்துபோச்சு."

அங்கிள் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். வயதானாலும் அவருக்குக் கண்ணும் மங்கவில்லை, புத்தியும் மங்கவில்லை. மெல்லக் கைகளை இறக்கினார்.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றார். "எங்க ஊர்ல ஒரு பையன் இருந்தான். ஜாடை அப்படியே இருந்துது."

"பரவாயில்ல" என்றான் என் தம்பி.

அப்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மூச்சை விட்டான், தோள் இறங்கியது. நான் அவனைக் கொன்றுவிட்டேன், அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது. நான் மன்னிக்காதது அதைத்தான்.

ஹெதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தொப்பி வாங்கினாள். கோனா திரும்பும் வழியில் அந்தப் பெரியவரைப் பற்றியே பேசினாள். "உங்களுக்குத் தெரிஞ்ச பையனா? எப்படி இறந்தான்?" என்று கேட்டாள். "அம்மாவ விட்டுட்டுத் தூரமாப் போனான். அங்கயே போயிட்டான்" என்றேன்.

ஓட்டல் வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். ஹெதர் என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய கூந்தலில் இன்னும் அருவி ஈரம் இருந்தது. அவர்கள் உள்ளே போனதும், கறுப்புக் கண்ணாடியை வண்டியில் விட்டுவிட்டேன் என்று சொல்லி லோபாகா திரும்பி வந்தான்.

"அக்கா. நீ இன்னிக்குச் செஞ்சதுக்கு..."

"உனக்காகச் செய்யல."

அவன் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மாவ எங்க வச்சிருக்கீங்க? நாளன்னிக்குத்தான் கிளம்பறோம். நாளைக்குக் காலையில ஒரு காரு எடுத்துக்கிட்டுத் தனியாப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். யாருக்கும் தெரியாம."

யாருக்கும் தெரியாமல் என்ற அந்த வார்த்தை இல்லாதிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"உனக்கு ஒன்பது வயசுல செத்தவங்கள எங்க புதைச்சியோ அங்க போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவன் திரும்பி உள்ளே போனான். அந்தக் கால் வீசும் நடையை ஓட்டல் கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய் என் கணவர் ருஃபீனோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இடத்தையாவது சொல்லியிருக்கலாம் நீ" என்றார். பாஹாலா சின்ன ஊர். கல்லறைத் தோட்டம் ஒன்றே ஒன்று. போக வேண்டும் என்று இருந்தால் யாரைக் கேட்டாலும் கைகாட்டியிருப்பார்கள். அவன் போனானா என்று விசாரிக்கக்கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் தோட்டத்தைப் பெருக்குகிற அம்மாளிடம் கேட்டேன். வெளியாள் யாரும் வரவில்லை என்றாள்.

அடுத்த வாரம் புனாலுவில் வண்டியை நிறுத்தியபோது, பிலிப்போ அங்கிள் ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அந்த வேகாஸ் விருந்தாளி திரும்பப் போயாச்சா?"

"போயாச்சு."

அவர் ஒரு சுற்றுப் பின்னி முடித்தார். "அவன் தப்புத்தான். நான் இல்லங்கல. ஆனா உங்க அம்மா அங்க நின்னிருந்தா உன்னத்தான் அறைஞ்சிருப்பா."

"தெரியும் அங்கிள்" என்றேன்.

அம்மா எப்போதும் அவன் பக்கம்தான். மணலில் ஒரு அம்மாள் ஆமைக்கு மிக அருகே போய்க் குனிந்துகொண்டிருந்தாள். தள்ளி நிற்கச் சொல்லப் போனேன்.