மூன்று வாழ்க்கை வரலாறுகளும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும்

வாரப் பத்திரிகை அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லியான தேகம். யார் எழுதிய புத்தகமானாலும் தப்பு எங்கே இருக்கிறதோ சரியாக அங்கே போய்க் குத்துவாள். மதிப்புரைப் பக்கம் பதினெட்டு வருடமாக அவள் கையில் இருந்தது. சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார மாட்டாள். நடந்துகொண்டேதான் படிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் மூன்று தடிப் புத்தகங்களை அவள் மேஜையில் பொத்தென்று போட்டார்.

"மூணும் ஒரே ஆளோட வாழ்க்கை. ஒப்பிட்டு நாலு பக்கம் எழுதிக் கொடு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்."

ஊசி அட்டைகளைத் திருப்பிப் பார்த்தாள். மூன்றிலும் அதே முகம். இருக்கிற ஆட்சியை அடியோடு புரட்டிப் போட வேண்டும் என்று எழுதி, பேசி, ஒரு தலைமுறையையே தெருவுக்கு இழுத்து வந்த சிந்தனையாளர். ஆறு வருடம் சிறையில் கிடந்தவர். செத்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. அவருடைய படிப்பு வட்டத்தில்தான் ஊசி தன் கணவரைச் சந்தித்தாள். பஸ் பணிமனையில் மெக்கானிக். அந்தச் சிந்தனையாளர் சாட்சிக் கையெழுத்துப் போட இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

"வேற யார்கிட்டயாவது கொடுங்களேன். நான் அவருக்கு ரொம்பக் கிட்ட இருந்தவ."

"அதுக்குத்தான் உன்கிட்ட கொடுக்கறேன். தள்ளி இருந்தவன் ரெண்டு வரி புகழ்ந்துட்டுப் போயிடுவான்."

அன்று மாலைக்குள் மூன்றையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டாள். முதல் புத்தகம் இயக்கமே வெளியிட்டது. அதில் அவர் சளி பிடித்துக்கூட அறியாதவர். இரண்டாவது ஒரு கல்லூரிப் பேராசிரியர் எழுதியது. மூன்றாவது போன மாதம் வந்தது. எழுதியவர் ஒரு பத்திரிகைக்காரர். பிறந்த வருடம், சிறைக்குப் போன தேதி எல்லாம் ஒத்துப்போயின. கடைசி அத்தியாயத்தில்தான் மூன்றும் மூன்று பக்கம் இழுத்தன.

தன் வாழ்நாள் சிந்தனையெல்லாம் சேர்த்து ஒரு பெரிய புத்தகம் எழுதுவதாகச் சாவதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் அறிவித்திருந்தார். அது வெளிவரவே இல்லை. போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது என்றது முதல் புத்தகம். கூட இருந்த தங்கை பயந்துபோய் எரித்துவிட்டாள், அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள் என்றார் பேராசிரியர். பயத்தால் இல்லை, அண்ணன் மேலிருந்த காழ்ப்பால் எரித்தாள் என்றது மூன்றாவது. பேராசிரியரும் பத்திரிகைக்காரரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: நானூறு பக்கம், ஒரே பிற்பகல், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. பேராசிரியர் புத்தகத்தில் இருந்த எழுத்துப்பிழைகூட மாறாமல் மூன்றாவதில் குடியேறியிருந்தது.

'பார்த்து எழுதினவன் பரீட்சையில மாட்டிக்கிட்டான்' என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

அந்த வாக்கியம் அவளை விடவில்லை. செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, பரணில் கிடந்த பழைய மண்ணெண்ணெய் அடுப்பை இறக்கினாள். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பழைய அச்சுத்தாள்களைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டாள். முப்பது தாளுக்குள் அடுப்பில் கரி அடைத்துக்கொண்டது. நாற்பதில் சமையலறை முழுக்கப் புகை. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். அவளுக்குப் பின்னாலேயே, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த மெக்கானிக்கும் ஓடி வந்தார். இயக்கத்தில் பழகியவர்கள் என்பதால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் 'நீ' என்றே பேசிக்கொள்வார்கள்.

"உனக்கு என்ன பைத்தியமா? வீட்டைக் கொளுத்தப் பார்த்தியா?"

"நாப்பது தாளுக்கே இந்தக் கூத்து. நானூறு எரிச்சிருந்தா தெருவே கூடியிருக்கும். அப்படி எதுவும் நடந்ததா யாருமே எழுதல."

மெக்கானிக்கின் முகம் சுருங்கியது. "அவ எரிச்சா. அவளே சொல்லியிருக்கா. அந்தப் புத்தகம் மட்டும் வந்திருந்தா நாம ஜெயிச்சிருப்போம். அதைப் போய்த் தோண்டாதே" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே திரும்பிப் போய்விட்டார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதன்கிழமை காலை ஆசிரியரைப் பிடித்தாள்.

"அந்தத் தங்கை இன்னும் இருக்காங்களா?"

"மார்க்கெட் பின்னாடி ஆல்டரேஷன் கடை வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க யாரும் அந்தத் தெருப்பக்கமே போறதில்ல."

கடை என்றால் ஒரு தையல் மிஷினும் ஒரு ஸ்டூலும் கொள்ளும் இடம். கம்பியில் பேன்ட்டுகள் தொங்கின. அறுபத்தெட்டு வயதிருக்கும், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியோடு ஒரு பெண்மணி கோட்டுத் தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார். ஊசி தான் யார் என்று சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நானூறு பக்கத்தை அந்த அடுப்பில எரிக்க முடியாது. நான் எரிச்சுப் பார்த்தேன்."

தையல்காரம்மாவின் கை நின்றது. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"முப்பது வருஷத்தில எத்தனை படிச்சவங்க வந்தாங்க! ஒருத்தருக்கும் இது தோணலையே! உட்காரும்மா."

ஊசியால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே கேட்டாள். துணி அடுக்குக்குப் பின்னாலிருந்து தையல்காரம்மா ஏழு நோட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி. ஊசிக்குப் பழக்கமான, அதே சாய்ந்த கையெழுத்து. தேதிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மறுபக்கம், மறுநாள் தேதி. மறுபடியும் வெறும் தாள். ஏழு நோட்டும் அப்படித்தான். ஏழாவதில் நாற்பது பக்கம் போல மிச்சமிருந்தது. அவற்றில் தேதியும் இல்லை.

"ஜெயில்ல இருந்து வந்த பிறகு அண்ணனுக்கு ஒரு வரி வரல. தினமும் குளிச்சிட்டு, பேனாவுக்கு மை போட்டுக்கிட்டு உட்காருவார். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அப்புறம் மூடி வச்சிட்டு, 'இன்னிக்கு நல்லாப் போச்சு'ன்னு என்கிட்ட சொல்லுவார். நானும் சரிண்ணம்பேன்."

"அதை அப்படியே சொல்லியிருக்கலாமே?"

"செத்த அன்னிக்கே வாசல்ல நூறு பேர். எல்லாம் உன் வயசுப் பசங்க. புத்தகம் எங்கே, எங்கேன்னு. அவர் ஒண்ணும் எழுதலைன்னு எந்த வாயால சொல்றது? போலீஸ் எடுத்துக்கிட்டாங்கன்னு சொன்னேன். அப்புறம் பேராசிரியர் வந்து போலீஸ் பட்டியல்ல அது இல்லைன்னு நிரூபிச்சிட்டார். நான் எரிச்சேன்னு சொல்லிட்டேன். வேற என்ன வழி இருந்தது?"

"உங்க பேரைக் கெடுத்துக்கிட்டீங்களே."

"நான் தையல்காரி. எனக்கென்ன பேரு?" என்றார் அவர். உடனே குரல் மாறியது. "இல்ல, பொய் சொல்றேன். வலிச்சுது. பாரு."

ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப் பையை இழுத்தார். முழுக்கக் கடிதங்கள். எரித்தவளே, துரோகியே, நாசமாய்ப் போ. ஒன்றிலும் கையெழுத்து இல்லை, முகவரியும் இல்லை. "பதில் எழுதணும்னுதான் வச்சேன். யாருக்குன்னு எழுதறது?"

ஊசி மேலாக நாலைந்தைப் புரட்டினாள். ஆறாவதை வெளியே உருவினாள். பச்சை மை. 'ர'வுக்குக் கீழே தேவையில்லாமல் நீளும் அந்த வால். வீட்டில் மளிகைச் சீட்டில் இன்றைக்கும் பார்க்கிற எழுத்து. *நீ எரித்தது காகிதத்தை அல்ல, எங்கள் பிள்ளைகளின் நாளையை. உனக்கு ஒரு நாளும் தூக்கம் வராதிருக்கட்டும்.*

அதைப் பைக்குள் திரும்பச் செருகினாள்.

"இதை நான் எழுதலாமா அக்கா?"

"எழுதும்மா. இவ்வளவு நாள் அவரைச் சுமந்தாச்சு. தோள் விட்டுப்போச்சு."

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டாள். எழுதச் சொன்னவர் அவர். எழுதப் பயந்தவள் இவள். அந்த வெறும் தாள்கள் அச்சில் வந்தால் தன் இளமை என்ன ஆகும், தன் வீடு என்ன ஆகும் என்று மனம் அலைபாய்ந்தது. அன்று மாலை கணவரிடம் நோட்டுகளைப் பற்றிச் சொன்னாள். அவர் நம்பவில்லை, கத்தினார். கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"பச்சை மையில ஒரு லெட்டர் இருக்கு. 'ர'வுக்கு வால் நீளம்."

அவர் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்தும் எழுந்தும் ஊசி எழுதி முடித்தாள். மூன்று புத்தகத்தையும் நியாயமாக ஒப்பிட்டாள். ஏழு நோட்டுகளைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதினாள். எழுத வராமல் போன ஒரு மனிதர் அதனால் சிறுத்துவிடவில்லை என்றும், அவருக்காகப் பழி ஏற்றவரிடம் நாம் யாரும் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை என்றும் முடித்தாள். பச்சை மையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

இதழ் வந்ததும் அமளிதுமளிப்பட்டது. பொய் என்று இயக்க அலுவலகம் அறிக்கை விட்டது. ஆசிரியர் நோட்டுகளைப் படம் எடுத்து அடுத்த இதழில் போட்ட பிறகு அடங்கியது. பேராசிரியர் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, "நான் அடுப்பைப் பத்தி யோசிக்கவே இல்லையேம்மா" என்று வருத்தப்பட்டார்.

மெக்கானிக் ஒரு சனிக்கிழமை நல்ல பேன்ட் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் போனார். நீளம் குறைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த சனிக்கிழமை அதை வாங்கிக்கொண்டு, இன்னொன்றைக் கொடுத்தார். மூன்றாவது வாரம் கணுக்காலுக்கு மேல் நிற்கிற பேன்ட்டைப் பார்த்து ஊசி கேட்டாள்.

"பேன்ட் தீர்ந்த பிறகு சட்டையா?"

"சொல்ல வாய் வரமாட்டேங்குது" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

நாலாவது சனிக்கிழமை வெறுங்கையோடு போனார். ஊசியும் கூடப் போய்த் தெரு முனையில் நின்றுகொண்டாள். அவர் கடை வாசலில் நின்று ஏதோ சொன்னார். மிஷின் சத்தம் நின்றது.

"எந்த லெட்டர்?" என்று தையல்காரம்மா கேட்டது முனை வரைக்கும் கேட்டது. "நூத்தியெண்பது இருக்கு. நீங்களே தேடி எடுத்துக்குங்க."

சாக்குப் பையை இழுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். மெக்கானிக் படியிலேயே உட்கார்ந்தார். பச்சை மைக் கடிதத்தை மட்டும் தேடி உருவி எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மேலே இருந்த முதல் கடிதத்தைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படிக்கத் தொடங்கினார்.